சீந்தில் கஷாயம் குடித்த அம்மாவுக்கு ஈரல் பாதிப்பு: வேலியில் கொடி வைத்திருப்பவர்கள் படிக்கவும்

கீழ்பவானி_மகள் (கோபி பக்கம்)

வணக்கம். மூன்று மாதமாக எழுத நினைத்தது. அம்மா இப்போதுதான் எழுந்து வாசல் வரை நடக்கிறார், அதனால் எழுத மனசு வந்தது.

அம்மாவுக்கு 58 வயது. தைராய்டுக்காகப் பதினோரு வருடமாக மாத்திரை எடுக்கிறார். போன வருடம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். மாத்திரை வேண்டாம், நடங்கள், சோற்றைக் குறையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு அது போதவில்லை. எங்கள் தோட்டத்துக் கிளுவை வேலியில் சீந்தில் கொடி மண்டிக் கிடக்கிறது. சீந்தில் சர்க்கரையை வேரோடு அறுக்கும் என்று வாட்ஸப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். தினமும் ஒரு சாண் தண்டு வெட்டி, தோலைச் சுரண்டி, அம்மியில் நசுக்கி, இரண்டு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராகச் சுண்டவைத்து வெறும் வயிற்றில் குடித்தார். ஒரு மண்டலம் குடிப்பதாக நினைப்பு. குடித்த நாளுக்கெல்லாம் அடுப்பங்கரைக் காலண்டரில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார்.

முப்பது புள்ளி தாண்டியதும் சோறு பிடிக்கவில்லை என்றார். உடம்பெல்லாம் அரிப்பு. மத்தியானம் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை. வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அந்தச் சோர்வுக்கும் சேர்த்து அம்மா கஷாயத்தைக் கொஞ்சம் கூட்டிக் குடித்திருக்கிறார். நாற்பத்தோராவது புள்ளி வைத்த அன்று சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது என்று சொன்னார். வெளிச்சத்தில் நிற்கவைத்துக் கண்ணைப் பார்த்தால் வெள்ளை முழுக்க மஞ்சள்.

ரத்தப் பரிசோதனையில் காமாலையைக் காட்டும் பிலிருபின் 9.8. ஈரல் புண்பட்டால் ரத்தத்தில் ஏறும் எஸ்ஜிபிடி 1,140. எஸ்ஜிபிடி சாதாரணமாக 40 பக்கம் இருக்க வேண்டியது. ஏ, பி, சி, ஈ என்று எல்லா வைரஸுக்கும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. பித்தப்பையில் கல்லும் இல்லை. "வேறு ஏதாவது மருந்து எடுக்கறீங்களா?" என்று மூன்று டாக்டர்கள் கேட்டார்கள். மூன்று முறையும் அம்மா, "தைராய்டு மாத்திரை தவிர ஒண்ணும் இல்லீங்க" என்றார். பக்கத்தில் நின்ற நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

நாலாம் நாள் காலையில் ஒரு இளம் டாக்டர் வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். "அம்மா, விடிஞ்சதும் வாயில முதல்ல என்ன வைப்பீங்க?" என்று கேட்டார். "சீந்தக்கொடித் தண்ணிதானுங்க கண்ணு, வேலில இருக்குது" என்றார் அம்மா. அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டார்.

அம்மா பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் கடையில் வாங்குவது, வேலியில் இருப்பது மருந்தில் சேராது. அந்த ஒரு கேள்வி கிடைக்காமல் மூன்று நாள் போனது. ஊசி போட்டு ஈரலில் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது, அதைக் கிளப்பிவிட்டது இந்தக் கஷாயமாகத்தான் தெரிகிறது என்றார்கள். கஷாயத்தை நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுத்து மெல்லக் குறைத்தார்கள். இப்போது எஸ்ஜிபிடி 52.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேளுங்கள். மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்காதீர்கள், காலையில் என்ன குடிக்கிறாய் என்று கேளுங்கள்.

கொறங்காட்டுக்காரன் (காங்கேயம்)

அம்மா தேறி வந்தது சந்தோஷம், அம்மணி. ஆனால் சீந்தில் மேல் பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) வேலி நாலு பக்கமும் கிளுவையும் சீந்திலும்தான். எங்கள் அப்பாரு 91 வயது வரை இருந்தார், காய்ச்சல் என்றால் சீந்தில் கஷாயம்தான் குடிப்பார். வெட்டிப் போட்டாலும் காயாமல் விழுது விட்டுத் தழைக்கிற கொடி, அதனால்தான் அமிர்தவல்லி என்று பெயர். இங்கிலீஷ் மருந்தால் ஈரல் கெடுவதில்லையா? டிபி மாத்திரை சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இரண்டு பேர். அதற்காக டிபி மாத்திரையை விஷம் என்கிறோமா?

ஈரல்_வார்டு (கோவை)

நான் ஈரல் நோய்ப் பிரிவில் பதினான்கு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். கொறங்காட்டு அண்ணா கேட்டது நியாயமான கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் நாட்டில் மருந்தால் வரும் ஈரல் பாதிப்பில் டிபி மருந்துதான் முன்னால் நிற்கிறது. அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் டிபி மாத்திரை கொடுக்கும்போதே கண் மஞ்சளானால், வாந்தி வந்தால் உடனே வா என்று சொல்லி அனுப்புகிறோம், ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். சீந்தில் குடிப்பவருக்கு அதை யார் சொல்கிறார்கள்? குடிப்பதே யாருக்கும் தெரியாதே.

இது கோபியில் ஒரு அம்மாவுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் இப்படி ஆறு பேர் வந்தார்கள். கொரோனாவுக்குப் பயந்து ஊரே எதிர்ப்புச் சக்திக்கு எதையாவது குடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆறு பேரைப் பற்றிய கட்டுரை 2021-இல் வந்தது. அப்புறம் நாடு முழுக்க 13 மருத்துவமனைகள் சேர்ந்து கணக்கெடுத்து, 43 பேரைப் பற்றி 2022-இல் எழுதினார்கள். குடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து தொந்தரவு தெரிய நடுவாந்தரமாக 46 நாள் ஆகியிருக்கிறது. நம்மூரில் ஒரு மண்டலம் என்பது 48 நாள். மண்டலம் முடிகிற வேளையில்தான் உடம்பு காட்டிக்கொடுக்கிறது. அதற்குள் குடிப்பவர் பழகிவிடுகிறார், இத்தனை நாள் ஒன்றும் செய்யாதது இனிமேலா செய்யப் போகிறது என்று நினைத்துவிடுகிறார்.

யாருக்கு வரும்? குடித்த எல்லோருக்கும் வராது. பெரும்பாலானவர்களுக்கு வராது என்றே சொல்லலாம். ஏற்கெனவே ஈரல் நோய் உள்ளவர்கள், உடம்பே உடம்பைத் தாக்கும் வகை நோய் உள்ளவர்கள் ஆகியோரிடம்தான் இது அதிகம் தெரிந்திருக்கிறது. பெரியவர்களுக்கு வரும் தைராய்டு குறைபாட்டில் பெரும்பகுதி அந்த வகைதான். கோபி அக்காவின் அம்மாவுக்குத் தைராய்டு இருப்பதைப் படித்ததும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்பதுதானே சீந்திலின் பெருமை. அந்தச் சக்தி சொந்த ஈரல் மேல் திரும்பக் காத்திருக்கும் உடம்பில் தூண்டிவிட்டால் என்ன ஆகும்?

இன்னொன்று. பலருக்குத் தங்களுக்கு ஈரல் நோய் இருப்பதே தெரியாது. கொழுப்புப் படிந்து, தழும்பேறி, சத்தமில்லாமல் வருடக்கணக்கில் இருக்கும். அவர்களுக்கு இது மேலே ஏற்றிய கடைசிச் சுமை மாதிரி ஆகிவிடுகிறது.

பச்சிலை_மருத்துவர் (ஈரோடு)

நான் பட்டம் பெற்ற சித்த மருத்துவர். சீந்திலைத் தினமும் கையில் எடுக்கிறவன். அதனால் இதில் பேசாமல் இருக்க முடியாது.

முதலில் அமைச்சகம் சொன்னது. 2022 பிப்ரவரியில் ஆயுஷ் அமைச்சகம், சீந்தில் பாதுகாப்பானது, அதைப் போலவே இருக்கும் இன்னொரு கொடியோடு குழப்பிக்கொண்டிருக்கலாம் என்று அறிக்கை விட்டது. நம் சீந்தில் டினோஸ்போரா கார்டிஃபோலியா. குழப்பத்துக்கு இடமானது டினோஸ்போரா கிரிஸ்பா. அதன் தண்டு முழுக்கப் பாலுண்ணி போலக் கொப்புளம் கொப்புளமாகத் தடித்திருக்கும். அதனாலும் ஈரல் பாதிப்பு வந்த பதிவுகள் உண்டு. பொற்சீந்தில் என்று நாம் சொல்வது இன்னொன்று, அதன் இலையில் மெல்லிய ரோமம் இருக்கும். நல்ல சீந்திலில் தண்டின் மேல்தோல் காகிதம் போல உரியும், உள்ளே பச்சை தெரியும். குறுக்கே வெட்டினால் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரிக் கோடுகள் இருக்கும். இலை இதய வடிவம், வழவழப்பு.

நானும் தொடக்கத்தில் இது முழுக்கக் கொடி மாறிய கதைதான் என்று நம்பினேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. சரியான கொடியைக் குடித்தவர்களுக்கும் வந்திருக்கிறது என்று ஈரல் மருத்துவர்கள் சொல்வதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறு. சீந்திலை நாங்கள் தனியாக, பச்சையாக, மாதக்கணக்கில் கொடுப்பதில்லை. கபசுரக் குடிநீரில் 15 சரக்குகள் உண்டு, சீந்தில் அதில் ஒன்று. குறிப்பிட்ட நாளுக்குக் கொடுத்து நிறுத்துவது. சீந்தில் சர்க்கரை என்று ஒன்று இருக்கிறது. தண்டை இடித்துத் தண்ணீரில் கரைத்து, பிசைந்து, வடித்து, மாவு அடியில் தங்கியதும் தெளிவை இறுத்து, மறுபடி தண்ணீர் விட்டுக் கழுவி வெயிலில் காயவைப்பது. பெயரில்தான் சர்க்கரை, உண்மையில் அது வெள்ளை மாவு. எதை, எவ்வளவு, எத்தனை நாள், எதோடு, என்ன பத்தியத்தோடு என்று ஐந்தும் சேர்ந்ததுதான் மருந்து. வாட்ஸப்பில் வருவதில் கொடியின் பெயர் மட்டும் இருக்கிறது, மற்ற நாலும் இல்லை.

தைராய்டு, சர்க்கரை, மூட்டுவாதம் உள்ள யாராவது சீந்தில் கேட்டு வந்தால் இப்போதெல்லாம் முதலில் ஈரல் பரிசோதனை எடுத்துவரச் சொல்கிறேன். சித்த வைத்தியர் ரத்தப் பரிசோதனை கேட்கிறாரே என்று முகம் சுளித்துப் போனவர்களும் உண்டு. போகட்டும்.

கீழ்பவானி_மகள் (கோபி பக்கம்)

டாக்டர் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வேலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். தோல் உரிகிறது, உள்ளே பச்சை. குறுக்கே வெட்டினேன், சக்கரம் தெளிவாகத் தெரிகிறது. கொப்புளம் இல்லை. இலையில் ரோமமும் இல்லை. எங்கள் வேலியில் இருப்பது நீங்கள் சொல்லும் நல்ல சீந்தில்தான்.

மூலனூர்_விவசாயி

எங்கள் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிர் செய்கிறோம், செங்காந்தள் என்று படித்திருப்பீர்கள். மாநில மலர். விதை ஏற்றுமதிக்குப் போகிறது, அதிலிருந்து கோல்சிசின் எடுக்கிறார்கள், கீல்வாதத்துக்கு மருந்து. விதை கையாளும்போது பிள்ளைகளைக் கிட்டவே விடமாட்டோம். கிழங்கைத் தின்றால் உயிர் போகும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விஷம் என்று தெரிந்ததில் எங்களுக்கு ஆபத்து குறைவு. சீந்தில் விஷயம் படித்ததும் அதுதான் தோன்றியது. பயம் இல்லாத கொடியில்தான் இப்படி மாட்டிக்கொள்கிறோம்.

மஞ்சக்காடு (ஈரோடு)

இந்த இழையில் மஞ்சளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் மஞ்சள் மண்டியில் இருக்கிறேன். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இனிப்பு வாங்கிக் கொடுத்தவன். அதனால் மஞ்சளைக் குறை சொல்ல எனக்கு எந்தத் தேவையும் இல்லை.

ஆனால் இப்போது மஞ்சள் கேப்சூல் என்று ஒன்று ஓடுகிறது. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். கேப்சூலில் அதைப் பிரித்து 95 சதவீதமாக்கி 500 மில்லிகிராம் அடைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே கேப்சூலில் ஏறக்குறைய 16 கிராம் மஞ்சள் தூளின் சாரம் இருக்கிறது. நாம் குழம்பிலும் பொரியலிலும் நாள் முழுக்கச் சேர்த்தாலும் ஆளுக்கு ஒன்றிரண்டு கிராம் தாண்டாது. அதோடு மிளகுச் சத்தான பைப்பரினையும் சேர்க்கிறார்கள். 1998-இல் பெங்களூரில் செய்த ஆய்வில், மிளகுச் சத்தோடு கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் குர்குமின் இருபது மடங்கு கூடியது. அதைத்தான் டப்பாவில் பெருமையாகப் போடுகிறார்கள்.

அமெரிக்காவில் மருந்தால் வரும் ஈரல் பாதிப்பைக் கவனிக்கும் குழு, மஞ்சள் கேப்சூலால் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி எழுதியது. ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேருக்கு எச்எல்ஏ-பி 35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்திருக்கிறது. அதாவது குறிப்பிட்ட சிலர் உடம்புக்குத்தான் அது ஒத்துக்கொள்ளவில்லை. அது யார் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வீட்டில் வழி கிடையாது.

குழம்பு மஞ்சளைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். சாரம் பிழிந்து டப்பாவில் அடைத்ததைச் சோறு மாதிரி நினைக்காதீர்கள்.

வெள்ளகோவில்_பையன்

அண்ணா, அக்கா, ஒரு அவசரம். இந்த இழையைப் படித்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்து "காலைல என்னப்பா குடிக்கற" என்று கேட்டேன். "சீந்தல் பொடி, சுடுதண்ணில" என்கிறார். சந்தையில் வாங்கியதாம். இருபது நாளுக்கு மேல் ஆகிறது. அவருக்குச் சர்க்கரை உண்டு, கொழுப்பு ஈரல் என்று ஒரு ஸ்கேனில் சொல்லியிருக்கிறார்கள். கண் மஞ்சள் எல்லாம் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறார். என்ன செய்வது?

ஈரல்_வார்டு (கோவை)

தம்பி, பதற வேண்டாம். இன்றைக்கே பொடியை நிறுத்தச் சொல்லுங்கள். டப்பாவை, பொட்டலத்தை வீசிவிடாமல் எடுத்துவையுங்கள், டாக்டரிடம் காட்ட வேண்டியிருக்கும். நாளைக்கே எல்எஃப்டி என்ற ஈரல் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள், வெள்ளகோவிலிலேயே எடுக்கலாம். பிலிருபின் மூன்று பக்கம் ஏறினால்தான் கண்ணில் மஞ்சள் தெரியும். ஈரல் அதற்கு முன்பே புண்பட ஆரம்பித்திருக்கலாம். அதனால் கண் வெள்ளையாக இருப்பதை வைத்துச் சமாதானம் ஆகாதீர்கள்.

அவர் போட்டுக்கொண்டிருக்கும் சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வாந்தி நிற்காமல் வந்தால், பகலில் தூங்கி இரவில் விழித்துப் பிதற்றினால், பல் ஈறில் ரத்தம் கசிந்தால், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகக் கூட்டிவந்துவிடுங்கள். ஈரல் கைவிடத் தொடங்குவதற்கு அவையெல்லாம் அடையாளம்.

அமராவதி_கரை (தாராபுரம்)

கோபி அக்கா, அம்மாவைப் பச்சிலை கொடுக்கும் இடத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி ஒறம்பரை (சொந்தக்காரர்) யாரும் நிற்கவில்லையா? எங்கள் வீட்டில் மாமாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பத்து நாள் அங்கேயே ஓடிவிட்டது.

கீழ்பவானி_மகள் (கோபி பக்கம்)

நிற்காமல் இருப்பார்களா. பெரிய மாமன் வண்டியோடு வந்துவிட்டார். வெள்ளாட்டுப் பாலில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பில்லாமல் சோறு போட்டால் மூன்றே நாளில் இறங்கிவிடும் என்று. அவர் பாசத்தில் சொன்னார், அதில் சந்தேகம் இல்லை. அவருக்கு 1990-களில் வந்த காமாலை அப்படித்தான் போனது. அவருக்கு எதிரில் பேசத் தெரியாமல் நான் அழுதுவிட்டேன். கடைசியில் அப்பாதான், "ரத்தம் பாத்துட்டு அப்புறம் போலாம் மச்சா" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அந்த வார்த்தை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் ராத்திரியில் நினைப்பு வருகிறது.

பச்சிலை_மருத்துவர் (ஈரோடு)

மாமன் குணமானதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீரால் வரும் காமாலை, அதாவது ஏ வகை, பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். கீழாநெல்லி கொடுத்தாலும் இறங்கும், கொடுக்காவிட்டாலும் இறங்கும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போகும்.

கீழாநெல்லியை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1988-இல் சென்னையிலிருந்து தியாகராஜன் குழுவினர் லான்செட் இதழில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பி வகை வைரஸ் தங்கிய 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேருக்கு அந்த வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது என்று எழுதினார்கள். பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் திரும்பக் கிடைக்கவில்லை. மூலிகையை மதிக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். காமாலை ஒரு நோய் இல்லை, பல நோய்களின் நிறம். எதனால் வந்தது என்று தெரியாமல் எந்தப் பச்சிலையும் கொடுக்கக்கூடாது, நான் கொடுத்தாலும் தப்புதான்.

கார்போகரிசி வாங்கி வெண்புள்ளிக்கு உள்ளுக்குச் சாப்பிடுகிறவர்களும் கவனியுங்கள். அதனாலும் ஈரல் கெட்டதாகப் பல பதிவுகள் இருக்கின்றன.

நெறியாளர்

சீந்தில் எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்டுப் பலர் தனிச்செய்தி அனுப்புகிறார்கள். அளவு இங்கே கொடுக்கப்படாது, உறுப்பினர்களும் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் அதைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. மருந்துப் பக்கவிளைவுகளுக்கான தேசியத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. ஆயுஷ் மருந்துகளுக்கென்று 2018 முதல் தனிக் கண்காணிப்பும் நடக்கிறது. உங்கள் டாக்டரைப் படிவம் நிரப்பி அனுப்பச் சொல்லுங்கள். பதிவாகாத பாதிப்பு நடக்காததாகவே எண்ணப்படும்.

கொறங்காட்டுக்காரன் (காங்கேயம்)

நான் மேலே எழுதியதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு நாளாக மனசு கேட்கவில்லை. எங்கள் ஆத்தாவுக்கு 86 வயது, நினைவு தெளிவாக இருக்கிறது. சாயங்காலம் கட்டுத்தரையில் மாட்டுக்குத் தட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன், அப்பாருக்குச் சீந்தில் எப்படிக் கொடுப்பாய் என்று.

"காச்ச வந்தா மூணு நாளு. சுக்கு, மிளகு, கொத்தமல்லி எல்லாம் போட்டு. காச்ச விட்டா அதோட சரி. மாசக்கணக்கா யாரு சாமி அதக் குடிச்சா? கசப்பு, உள்ள எறங்கவே எறங்காது" என்றார்.

நான் அப்பாரு குடித்தார் என்று எழுதினேன். மூன்று நாள் குடித்தார் என்று எனக்கே தெரியாது. 91 வயது வரை இருந்தவர் தினமும் குடித்த மாதிரி நானாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆத்தாவிடம் கேட்காமல் எழுதியது என் தப்பு. கொடியை வெட்டி எறிய மாட்டேன், அது வேலியில் இருக்கட்டும். ஆனால் திருப்பூரில் இருக்கும் என் தங்கை அதை ஜூஸ் பாட்டிலாக வாங்கி ஒரு வருடமாகக் குடிக்கிறாள். அவளுக்கும் தைராய்டு. நேற்று ராத்திரியே போன் செய்து நிறுத்தச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறாள்.

ஈரல்_வார்டு (கோவை)

அண்ணா, ஆத்தா சொன்னதை அப்படியே வார்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கசப்புதான் அந்தக் காலத்தில் அளவைக் காத்தது. இப்போது அதே கொடியை மாத்திரையாக, தேன் கலந்த ஜூஸாக விற்கிறார்கள், கசப்பு தெரிவதில்லை, அதனால் நிறுத்தவும் தோன்றுவதில்லை. தங்கைக்கு எல்எஃப்டி சரியாக வந்தாலும் மறுபடி தொடங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே ஒருமுறை ஈரல் கெட்டுத் தேறியவர்கள் மறுபடி தொட்டால் இரண்டாம் முறை சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரலாம். கோபி அம்மாவுக்கும் இது பொருந்தும்.

கீழ்பவானி_மகள் (கோபி பக்கம்)

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இனி அந்தப் பக்கமே போறதில்ல கண்ணு" என்றார். டிஸ்சார்ஜ் சீட்டில் சீந்தில் என்று தமிழிலேயே எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். அதை லேமினேட் செய்து அவர் பர்ஸில் வைத்திருக்கிறேன். அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்ட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வெள்ளகோவில்_பையன்

அப்பா ரிப்போர்ட் வந்துவிட்டது. எஸ்ஜிபிடி 212. பிலிருபின் 1.1, ரத்தம் உறைவதைப் பார்க்கும் ஐஎன்ஆர் 1.0. திருப்பூரில் டாக்டரிடம் காட்டினோம். பொடிப் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டார். வைரஸ் பரிசோதனையும் எழுதியிருக்கிறார், இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். அப்பா என் மேல் கோபமாக இருக்கிறார். நன்றாக இருந்த ஆளை நோயாளி ஆக்கிவிட்டாயே என்கிறார்.

ஈரல்_வார்டு (கோவை)

கோபப்படட்டும் தம்பி. ஐஎன்ஆர் 1.0 என்றால் ஈரல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நல்ல நேரத்தில் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு வாரம் கழித்து இங்கேயே எழுதுங்கள்.

வெள்ளகோவில்_பையன்

இரண்டு வாரம் ஆயிற்று. வைரஸ் எதுவும் இல்லை. எஸ்ஜிபிடி 212-லிருந்து 74-க்கு வந்துவிட்டது. வேறு மருந்து எதுவும் கொடுக்கவில்லை, பொடியை நிறுத்தியது மட்டும்தான். அடுத்த பரிசோதனை ஒரு மாதம் கழித்து.

அப்பா நேற்று புளியம்பட்டிச் சந்தைக்கு மாடு பார்க்கப் போனபோது பொடி விற்கும் ஆளைத் தேடிப் போயிருக்கிறார். சண்டை ஒன்றும் இல்லை. "இதக் குடிக்கறவிய தைராய்டு, சக்கரை இருந்தா கேட்டுட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தாராம். அந்த ஆள் அதை மடித்து பில் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாராம்.